பங்கசுக்களை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? (இரண்டாம் ஆண்டு உயிரியல்)

கொட்டகலை மாணவி

அனைவருக்கும் வணக்கம். விஞ்ஞான பீடத்தில் இரண்டாம் ஆண்டு பயில்கிறேன். இந்த அரையாண்டில் பங்கசுக்கள் (பூஞ்சைகள்) பற்றிய பாடநெறி தொடங்கியிருக்கிறது. உயர்தரத்தில் தமிழ் மொழிமூலம் படித்தபோது கைற்றிடியோமைக்கோற்றா, சைகோமைக்கோற்றா, அஸ்கோமைக்கோற்றா, பசிடியோமைக்கோற்றா என்னும் நான்கு கணங்களும் ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணமும் தெரிந்திருந்தால் போதுமாக இருந்தது. இப்போது ஒவ்வொரு கணத்தின் கீழும் உபகணம், வகுப்பு, வருணம் என்று பெயர்கள் அடுக்கடுக்காக வருகின்றன. ஒவ்வொரு வாழ்க்கை வட்டத்திலும் ஒருமடிய நிலை (கருவில் ஒரு தொகுதி நிறமூர்த்தங்கள் மட்டும் இருக்கும் நிலை) எங்கே முடிகிறது, இரு கருக்கள் சேராமல் ஒரே கலத்தில் இருக்கும் நிலை எங்கே தொடங்குகிறது என்பதை நினைவில் நிறுத்த முடியவில்லை. இரவு படித்தது காலையில் கலைந்துவிடுகிறது.

இதனுடன் ஓர் ஒப்படையும் உண்டு. விடுமுறையில் நாம் வாழும் சூழலில் உள்ள பங்கசுக்களைச் சேகரித்து, வரைந்து, விவரித்து ஒப்படைக்க வேண்டும். எங்கள் வீடு கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடையில் ஒரு தோட்டத்தில் இருக்கிறது. சுற்றிவரத் தேயிலையைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில் எதைச் சேகரிப்பது என்று தெரியாமல், ஹோட்டன் சமவெளிக்கோ ஹக்கலைப் பக்கமோ போய் வரலாமா என யோசிக்கிறேன். இந்தப் பாடத்தைக் கற்றவர்களும் கற்பித்தவர்களும் வழிகாட்டினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பேராதனை ஆய்வு மாணவர்

தங்கச்சி, ஹோட்டன் சமவெளிக்குப் போக வேண்டாம். அது தேசியப் பூங்கா. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அங்கிருந்து ஒரு காளானைக்கூட எடுத்துவர முடியாது. ஹக்கலையின் இயற்கை ஒதுக்கிடத்துக்கு விதிகள் இன்னும் கடுமையானவை. அதைவிட முக்கியமான காரணம், உங்கள் பாடநெறியின் பெரும்பகுதி உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள தேயிலை மலையிலேயே இருக்கிறது என்பதுதான்.

முதலில் படிக்கும் முறையைச் சொல்கிறேன். வகைப்பாட்டில் தொடங்குகிறவர்கள் எல்லோருக்கும் நீங்கள் சொல்லும் சிக்கல் வருகிறது. பங்கசு தன் உடலுக்கு வெளியே நொதியங்களைச் சுரந்து, உணவை அங்கேயே கரைத்து, கரைந்ததை இழைகளின் சுவரினூடாக உறிஞ்சி வாழும் உயிரி. அதன் உடலமைப்பு, வித்திகள், வாழ்க்கை வட்டம் எல்லாம் இந்த உண்ணும் முறையிலிருந்தே கிளைக்கின்றன. எனவே ஒவ்வொரு பங்கசையும் எடுத்துக்கொண்டு, இது எதை உண்கிறது, அதற்குள் எப்படி நுழைகிறது, அது தீர்ந்தபின் எந்த வித்தியின் மூலம் வெளியேறுகிறது என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். இந்த மூன்றுக்கும் விடை எழுதிய பிறகு பெயரைப் படித்தால், பெயர் தங்குவதற்கு ஓர் இடம் இருக்கும்.

பசிடியோமைக்கோற்றாவை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதில் மூன்று பெரிய உபகணங்கள் உள்ளன. அந்த மூன்றுக்கும் மலைநாட்டில் ஒவ்வொரு பிரதிநிதி இருக்கிறது என்பதை நம் மாணவர்களுக்கு யாரும் போதுமான அளவு எடுத்துச் சொல்வதில்லை என்பது என் எண்ணம்.

முதலாவது, கோப்பித் துரு நோயை உண்டாக்கும் ஹெமிலியா வஸ்ராற்றிக்ஸ். 1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூளாக இது கண்டறியப்பட்டது. அப்போது பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைற்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பங்கசு அறிஞர் மைல்ஸ் ஜோசப் பேர்க்லி அதே ஆண்டில் அதை விவரித்துப் பெயரிட்டார். அன்று இலங்கையின் கோப்பிக் காணிகள் விரிந்துகொண்டே இருந்தன. 1880இல் இங்கு வந்த தாவரவியலாளர் ஹரி மார்ஷல் வார்ட் இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து, காற்றில் பரவும் வித்திகள் ஈர இலையின் மேல் முளைத்து இலைவாய்களின் வழியே நுழைகின்றன என்று காட்டினார். ஒரே பயிரை மலை மலையாக இடைவெளியின்றி நட்டதே காற்றுக்கு வழி திறந்துவிட்டது என்பதையும் அவர் விளக்கினார். அதற்குள் கோப்பி கைவிட்டுப் போயிருந்தது. தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தென்னிந்தியாவிலிருந்து பருவகாலத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்த நம் முன்னோர் ஆண்டு முழுவதும் தோட்டத்திலேயே தங்கி வாழ நேர்ந்தது அதன் பின்தான். கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் மட்டும் ஆட்கள் தேவைப்பட்டனர். தேயிலைக்கு எப்போதும் தேவைப்பட்டனர். ஒரு பங்கசின் வாழ்க்கை வட்டம் நமது குடும்பங்கள் எங்கே வாழ்வது என்பதையே மாற்றியமைத்தது என்று நான் சொல்வது மிகை அல்ல.

இரண்டாவது, தேயிலையின் கொப்புள நோய்க்குக் காரணமான எக்ஸோபசிடியம் வெக்சன்ஸ். இது 1946இல் இலங்கைக்கு வந்தது. மூன்றாவது, புற்றுக்காளான் எனப்படும் டேர்மிற்றோமைசிஸ். கறையான்கள் தம் கூட்டுக்குள் வளர்த்து உண்ணும் பங்கசு. பேராதனையில் பணியாற்றிய தோமஸ் பெச் கறையான் கூடுகளில் வளரும் பங்கசுக்களைப் பற்றி 1906இலேயே விரிவாக எழுதினார். 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் முதல் பணிப்பாளரும் அவரே.

இப்போது இந்த மூன்றிலும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: புதிய உணவை அடைவது எந்த வித்தி? கோப்பித் துருவில் இரு கருக்கள் கொண்ட யூரிடோவித்தி கோப்பியிலிருந்து கோப்பிக்குத் தாவி, பருவம் முழுவதும் அதே சுற்றைத் திரும்பத் திரும்ப நடத்துகிறது. அதற்கும் பசிடியோவித்திகள் (பசிடியம் என்னும் கலத்தின் மேல் பாலியல் முறையில் உருவாகும் வித்திகள்) உண்டு. ஆனால் அவை கோப்பியைத் தொற்றுவதில்லை, அவை தொற்றக்கூடிய வேறொரு தாவரமும் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. கொப்புள நோயில் அவ்வாறான இடைநிலை வித்தி இல்லை. கொப்புளத்தின் வெண்மையான புறத்தில் உருவாகும் பசிடியோவித்தியே நேராக அடுத்த கொழுந்துக்குப் போகிறது. புற்றுக்காளானில், மழைக்குப் பின் குடை விரித்து உதிரும் பசிடியோவித்திகளை உணவு தேடும் கறையான்கள் புதிய கூட்டுக்குள் கொண்டு சேர்க்கின்றன. கூட்டுக்குள்ளோ பாலில்முறை வித்திகளைத் தாங்கிய வெண்ணிற உருண்டைகளை அவை உண்கின்றன. இந்த மூன்றையும் ஒரே தாளில் அருகருகே வரைந்தால், கருக்கள் எங்கே சேராமல் இருக்கின்றன, எங்கே சேர்கின்றன, ஒடுக்கற்பிரிவு (நிறமூர்த்த எண்ணிக்கையைப் பாதியாக்கும் பிரிவு) எங்கே நிகழ்கிறது என்பதை மனனம் செய்ய வேண்டிய தேவையே குறைந்துவிடும். மூன்றிலும் கரு இணைவுக்குப் பின் பசிடியத்திலேயே ஒடுக்கற்பிரிவு நிகழ்கிறது. மாறுவது அதற்கு முன்னும் பின்னும் உள்ள பயணம் மட்டுமே.

ஓய்வுபெற்ற வெளிக்கள உத்தியோகத்தர், டிக்கோயா

மகளே, தம்பி எழுதியதைப் படித்தபின் தோட்டத்துப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். நான் பல்கலைக்கழகம் போனவன் அல்லன். தேயிலை மலைகளில் நோய் பார்ப்பதே நெடுங்காலம் என் வேலையாக இருந்தது.

கொப்புள நோயைப் பார்க்க வேண்டுமானால் தென்மேற்குப் பருவமழை நாட்களில், கவ்வாத்து வெட்டித் துளிர்த்துவரும் மலைக்குப் போங்கள். இந்தப் பங்கசு முற்றிய இலையைத் தீண்டாது. இளந்தளிர் மட்டுமே அதற்கு வேண்டும். கவ்வாத்து வெட்டிய செடியில் தளிரைத் தவிர வேறு இலையே இல்லாதபடியால் அந்த மலைதான் பெரிதும் பாதிக்கப்படும். முதலில் இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒளி ஊடுருவும் சிறு பொட்டு தெரியும். சில நாட்களில் அது மேற்புறம் குழிந்து, அடிப்புறம் புடைத்து, வெல்வெட் போன்ற வெண்மையுடன் முதிரும். பின்னர் அந்த இடம் கருகிக் காய்ந்துபோகும். ஒரே செடியில் மூன்று நிலைகளையும் பார்க்கலாம், மூன்றையும் வரைந்துகொள்ளுங்கள்.

வெயில் இந்த வித்திகளுக்கு எதிரி. பனிமூட்டமும் ஈரமும் நாள் முழுவதும் நிற்கும்போது நோய் ஏறும். நான்கு நாள் நல்ல வெயில் அடித்தால் இறங்கும். மழைக்கு முன்பே நிழல் மரங்களின் கிளைகளை வெட்டி வெளிச்சம் விடுவதும், செப்பு மருந்து தெளிப்பதும், கொழுந்து பறிக்கும் சுற்றை நீளவிடாமல் பார்ப்பதும் இதனால்தான். பறிக்கும் பெண்கள் தளிரை எடுத்துவிட்டால் பங்கசுக்குத் தங்க இடமில்லை. தோட்டத்தில் அன்றாடம் நடக்கும் இந்த வேலைகளுக்குப் பின்னால் உள்ள காரணத்தை உங்கள் அம்மாவிடமோ அத்தையிடமோ கேட்டால், புத்தகத்தில் இல்லாத விவரமும் கிடைக்கும்.

வேர் நோய்களையும் விட்டுவிடாதீர்கள். செடிகள் ஒன்றன்பின் ஒன்றாக வட்டமாகச் சாகும் இடத்தைக் கண்டால், கங்காணியிடம் அனுமதி கேட்டு, பிடுங்கி எறிந்த வேரைப் பாருங்கள். சிவப்பு வேர் நோயில் வேரின் மேல் செந்நிற இழைக்கூட்டம் மண்ணுடன் ஒட்டியிருக்கும். எங்கள் கைநூல்களில் அதைப் போரியா என்று எழுதியிருந்தது. உஸ்ருலினா என்று எழுதப்பட்ட நோயில் வேரின் அடியில் கரிபோன்ற மேலோடு படியும். அது பெரும்பாலும் வெட்டிய நிழல் மரத்தின் அடிக்கட்டையில் தொடங்கித் தேயிலை வேருக்கு வரும். அதனால் மரத்தைச் சாய்க்குமுன் பட்டையை வளையமாக உரித்து, வேரில் உள்ள மாச்சத்து தீரும்வரை நிற்கவிடுவது வழக்கம். உணவில்லாத கட்டையில் பங்கசு குடியேறுவது கடினம். தம்பி சொன்ன முதல் கேள்வியைத் தோட்டத்துக்காரரும் கேட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

வெலிமடை உயிரியல் ஆசிரியர்

மேலே உள்ள இரு பதில்களும் சிறந்தவை. பரீட்சையில் மாணவர்கள் வழக்கமாக இடறும் ஓர் எல்லையை மட்டும் நான் குறிப்பிட விரும்புகிறேன்.

எங்கள் பக்கத்தில் உருளைக்கிழங்குத் தோட்டங்களை அழிக்கும் பிந்திய வெளிறல் நோய்க்குக் காரணமான பைற்றொப்தோரா இன்பெஸ்ரன்ஸ், பங்கசுப் பாடநெறியில்தான் கற்பிக்கப்படுகிறது, இழைகளாக வளர்கிறது, வித்திகளை விடுகிறது. ஆயினும் அது பங்கசு அன்று. அதன் கலச்சுவரில் முதன்மையாக இருப்பது செலுலோசும் அதையொத்த குளுக்கன்களும். பங்கசுக்களின் சுவருக்கு உறுதி தரும் கைற்றின் அதில் முக்கிய கூறாக இல்லை. அதன் இழைகள் இருமடியமானவை (கருவில் இரண்டு தொகுதி நிறமூர்த்தங்கள் கொண்டவை); பெரும்பாலான பங்கசுக்களின் இழைகள் அவ்வாறல்ல. அதன் நீந்தும் வித்திகளுக்கு இரண்டு சவுக்குமுளைகள் உண்டு. கைற்றிட்டுகளின் (கைற்றிடியோமைக்கோற்றாவைச் சேர்ந்தவற்றின்) வித்திகளுக்குப் பெரும்பாலும் பின்னால் ஒன்றே உண்டு. உறவுமுறையில் அது கபில அல்காக்களுக்கும் தயற்றங்கள் என்னும் ஒருகல அல்காக்களுக்கும் அண்மையில் நிற்கிறது. உண்மையான பங்கசுக்களோ விலங்குகளுக்கு அண்மையில் நிற்கின்றன.

இது விவசாயியின் கைக்காசைத் தொடும் விடயம். பங்கசுக்களின் கலமென்சவ்வில் உள்ள எர்கஸ்திரோல் என்னும் கொழுப்புப் பொருள் உருவாகாமல் தடுக்கும் மருந்துகள் பல உண்டு. அவை துரு நோய்களுக்கும் சாம்பல் நோய்களுக்கும் பயன்படும். பைற்றொப்தோரா எர்கஸ்திரோலைத் தயாரிப்பதே இல்லை என்பதால் அந்த மருந்துகளை எவ்வளவு தெளித்தாலும் அது சாகாது. மெற்றலக்சில் போன்று வேறு வழியில் தாக்கும் மருந்துகளே அதற்கு வேண்டும். பங்கசுகொல்லி என்று போத்தலில் எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்கி ஏமாந்தவர்களின் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். ஆகவே வகைப்பாட்டை வெறும் பெயர்ப்பட்டியல் என்று தள்ளிவிட வேண்டாம் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று: உயர்தரத்தில் படித்த சைகோமைக்கோற்றா என்ற கணம் இப்போது ஒரே கணமாகக் கொள்ளப்படுவதில்லை. 2016இல் அது மியூக்கொரோமைக்கோற்றா, சூபகோமைக்கோற்றா என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. உங்கள் விரிவுரையாளர் எதைப் பின்பற்றுகிறார் என்று பார்த்து அதன்படி எழுதுங்கள்.

கொட்டகலை மாணவி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னதுபோல் அம்மாவிடம் கேட்டேன். எந்த மலையில், எந்த மாதத்தில் கொப்புளம் அதிகம் என்பதை அவர் தயங்காமல் சொன்னார். நான் அதை இதுவரை கேட்டதே இல்லை என்பது வியப்பாக இருந்தது.

இரண்டு ஐயங்கள் எழுகின்றன. ஐயா குறிப்பிட்ட இரண்டு வேர் நோய்களும் வேரையே உண்கின்றன, கட்டையிலிருந்தோ அயல் வேரிலிருந்தோ பரவுகின்றன. அண்ணா சொன்ன கேள்விகளைக் கேட்டால் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே விடை வருகிறதே. அப்படியானால் அவை நெருங்கிய உறவா? அடுத்து, வீட்டில் நுணுக்குக்காட்டி இல்லாமல் ஒப்படைக்கு வேண்டியவற்றை எவ்வாறு தயார் செய்வது?

பேராதனை ஆய்வு மாணவர்

முதல் ஐயம் மிகவும் நல்லது. அவை நெருங்கிய உறவு அல்ல. போரியா என்று அழைக்கப்பட்டது பசிடியோமைக்கோற்றாவைச் சேர்ந்தது. உஸ்ருலினா அஸ்கோமைக்கோற்றாவைச் சேர்ந்தது. அதன் இன்றைய பெயர் கிரெற்ஸ்மாரியா டியூஸ்ரா. வேரை உண்ணும் வாழ்க்கைமுறை பங்கசு உலகில் பலமுறை தனித்தனியே தோன்றியிருக்கிறது. ஆகவே என் முதல் இரண்டு கேள்விகளும் வாழ்க்கைமுறையைத்தான் காட்டும். உறவைக் காட்டுவது பெரும்பாலும் மூன்றாவது கேள்வி. வித்தி ஒரு பைக்குள் உருவாகி, பொதுவாக எட்டாக வெளியேறினால் அஸ்கசு. தண்டுபோன்ற கலத்தின் வெளிப்புறத்தில், பொதுவாக நான்காகத் தாங்கப்பட்டால் பசிடியம். கொப்புள நோயில் அந்த எண்ணிக்கை பெரும்பாலும் இரண்டு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்; விதிவிலக்குகளைக் கேட்பதில் விரிவுரையாளர்களுக்கு விருப்பம் உண்டு. பெயர்கள் மாறுவதைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். பாலில்முறை நிலைக்கும் பாலியல் நிலைக்கும் தனித்தனிப் பெயர் வழங்கிய பழக்கத்தை 2011இல் மெல்பேர்ணில் கூடிய தாவரவியல் மாநாடு முடிவுக்குக் கொண்டுவந்தது. பழைய கைநூல்களை வாசிக்கும்போது அதை மனத்தில் கொண்டால் போதும்.

ஒப்படைக்கு மாட்டுச்சாணத்திலிருந்து தொடங்குங்கள். புல் மேயும் மாட்டின் புதிய சாணத்தில் சிறிதளவை எடுத்து, ஈரமான தாள் விரித்த அகன்ற வாய்க் கண்ணாடிப் போத்தலில் இட்டு, காற்றுப் புகும்படி தளர்வாக மூடி, வெளிச்சம் வரும் யன்னலோரம் வையுங்கள். வெயில் நேரடியாகப் படக்கூடாது. முதல் வாரத்திலேயே மியூக்கரின் சாம்பல்நிற மயிர்களும், அடுத்து நுனியில் கருந்தொப்பி ஏந்திய பளிங்குக் குமிழ்களாகப் பைலோபொலசும் எழும். பைலோபொலசு அந்தத் தொப்பியை வெளிச்சத்தை நோக்கி இரண்டு மீற்றர் தூரம்வரை எறியக்கூடியது. போத்தலைக் கறுப்புத் தாளால் சுற்றி ஒரு சிறு துளை மட்டும் விட்டால், அந்தத் துளைக்கு நேரே உள்ள கண்ணாடியில் கரும்புள்ளிகள் ஒட்டியிருப்பதைக் காண்பீர்கள். மாடு மேயும் புல்லில் போய் ஒட்டுவதற்காக வந்த ஏற்பாடு அது. மாட்டின் குடலைக் கடந்த வித்தியே சாணத்தில் மீண்டும் முளைக்கிறது. பின்வரும் வாரங்களில் அஸ்கோமைக்கோற்றாவின் சிறு கிண்ணங்களோ கரிய குடுவைகளோ தோன்றும். கடைசியாகக் கோப்பிரைனசு வகைச் சிறு குடைக்காளான்கள் வந்து, மைபோலக் கரைந்துவிடும். எளிய சீனிகளைத் தின்பவை முதலிலும், செலுலோசையும் இலிக்னினையும் சிதைக்க வல்லவை பின்னரும் மேலோங்குவது இந்த வரிசைக்கு ஒரு காரணம். ஒவ்வொன்றும் வித்தி தாங்க எடுக்கும் காலம் வேறுபடுவது இன்னொரு காரணம். ஒரே போத்தலில் பாடநெறியின் பெரிய பிரிவுகளை நாள்வாரியாகப் பார்த்து எழுத முடியும். ஒரு கைவில்லை இருந்தால் வரைவதற்கும் போதும். போத்தலை முகத்துக்கு அருகில் திறக்காதீர்கள். வீட்டில் தொய்வு (ஆஸ்துமா) நோயாளர் இருந்தால் வெளித் தாழ்வாரத்தில் வையுங்கள்.

காளான்களை எடுக்கும்போது தண்டை ஒடிக்காமல் அடியோடு தோண்டுங்கள். மண்ணுக்குள் கிண்ணம் போன்ற உறை இருக்கிறதா, புற்றுக்காளானைப் போல நீண்ட வேர்த்தண்டு கீழே இறங்குகிறதா என்பது அங்கேதான் தெரியும். எதன்மேல் வளர்ந்தது, மணம் என்ன, வெட்டினால் நிறம் மாறுகிறதா என்பவற்றை எடுத்த இடத்திலேயே எழுதுங்கள். வீட்டுக்கு வருமுன் இவை மாறிவிடும். பொலித்தீன் பையில் போட்டால் வியர்த்து அழுகும், பத்திரிகைத்தாளில் சுற்றுங்கள். வித்திப் பதிவு எடுக்க, குடையை மட்டும் வெட்டி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளின்மேல் அடிப்புறத்து மெல்லிய தகடுகள் கீழ்நோக்கியிருக்க வைத்து, ஒரு கோப்பையால் மூடி இரவு முழுவதும் விடுங்கள். வெண்ணிற வித்தி கறுப்பிலும் கருநிற வித்தி வெள்ளையிலும் தெரியும். அந்தத் தாளை மடித்துக் கொண்டுவந்தால் ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியின் கீழ் அளந்துகொள்ளலாம். அடுப்படியின் இளஞ்சூட்டில் உலர்த்திய காளானை உறையிலிட்டு, அதே இலக்கத்தைப் பதிவுத்தாளிலும் எழுதுங்கள். சேகரித்த எதையும் உண்ண வேண்டாம். வீட்டார் நன்கு அறிந்து சமைக்கும் புற்றுக்காளானையும் ஒப்படைக்கு எடுத்தவற்றுடன் கலக்காதீர்கள்.

பைனஸ் காடு அருகில் இருந்தால், காணிக்குப் பொறுப்பானவர்களிடம் கேட்டுவிட்டு அதன் அடியிலும் பாருங்கள். அந்த மரம் நம் நாட்டுக்கு வெளியிலிருந்து வந்தது. அதன் வேரோடு கூடி வாழும் பங்கசுக்கள் இல்லாமல் அது செழிக்காது. ஆகவே அங்கே முளைப்பவை தேயிலை மலையில் முளைப்பவற்றிலிருந்து வேறுபட்டிருக்கும். தேயிலைத் தண்டுகளிலும் பாறைகளிலும் படர்ந்திருக்கும் இலைக்கன்களையும் (பங்கசும் அல்காவும் கூடி வாழும் உயிர்கள்) சேர்க்கலாம். அவற்றின் பங்கசுக் கூட்டாளிகளில் மிகப் பெரும்பாலானவை அஸ்கோமைக்கோற்றாவைச் சேர்ந்தவை என்பதால் அந்தக் கணத்துக்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. இனப்பெயர் உறுதியாகத் தெரியாத இடத்தில் சாதிப்பெயருடன் நிறுத்திக்கொண்டு, அந்தச் சாதி என்று முடிவுசெய்யக் காரணமான இயல்புகளை எழுதுங்கள். நான் செய்முறைப் பதிவேடுகளைத் திருத்தும்போது தேடிப் பார்ப்பது அந்தக் காரணங்களைத்தான்.